கூடைக்குள் நடந்தவர்

டிரெயினிங் படித்த இரண்டு வருஷத்தில் சவுரியம்மாள் மனதார வரைந்தது பன்னிரண்டு மனிதர்களை. பன்னிரண்டு பேரும் ஒரே ஆள். அந்த ஆளுக்கு முகம் கிடையாது. அப்படியும் வேலூரில் அவரைத் தெரியாது என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் போனதுதான் வம்பாகிவிட்டது.

இது நடந்தது 1929இல். கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அந்தப் பெண்கள் டிரெயினிங் ஸ்கூல் இருந்தது. தலைமை ஆசிரியை அன்னம்மாள் டீச்சர். அந்த வருஷக் கோடையில் அவர் சென்னைக்குப் போய், ஆசிரியர்களுக்கென்று நடந்த புது வகுப்பு ஒன்றில் உட்கார்ந்துவிட்டு வந்தார். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியோடு போனவர், திரும்பும்போது அந்தப் பெட்டியோடு ஒரு வார்த்தையையும் கொண்டுவந்து இறக்கினார். புராஜெக்டு.

"இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் கிடையாது. எல்லாம் புராஜெக்டுதான்" என்றார் முதல் நாளே.

"புராஜெக்டுன்னா இன்னா டீச்சர்?" என்று பின் பெஞ்சிலிருந்து மரியம்மாள் கேட்டாள்.

"மாணவி தானாகவே யோசித்து, தானாகவே செய்து, தானாகவே கற்பது."

"இன்னா செய்யணும் டீச்சர்?"

"அதை நான் சொல்லிட்டா அப்புறம் தானாகவே எங்க இருக்கு?"

பிறகு அந்த விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, மறுநாள் காலைக்குள் எல்லோரும் அதை மனப்பாடம் செய்துவர வேண்டும் என்றார். தப்பாகச் சொன்னவர்கள் வெளியே நின்றார்கள்.

பெண்கள் தானாகவே யோசித்தார்கள். தானாகவே யோசித்த ஒன்பது பேர் களிமண்ணில் மாதிரிக் கிராமம் செய்தார்கள். அந்தக் கிராமங்களில் கிணறு இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, கோடு பிடித்தாற்போல் தெரு இருந்தது. ஜனங்கள் மட்டும் இல்லை. களிமண் ஆள் காய்ந்தால் கழுத்தில் வெடித்துவிடுகிறான். அதனால் கிராமங்கள் வெகு சுத்தமாக இருந்தன. மரியம்மாள் அட்டையில் ஒரு தபாலாபீஸ் கட்டினாள்.

சவுரியம்மாளுக்கு வேறு வேலை வந்தது. முனிசிபாலிட்டி அந்த வருஷம் சுகாதார வாரம் கொண்டாடப்போவதாக அறிவித்திருந்தது. தெருவில் எச்சில் துப்பக்கூடாது என்பதைப் பள்ளிக்கூடங்கள் பொருட்காட்சியாகச் செய்துகாட்ட வேண்டும் என்று சேர்மன் ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. அன்னம்மாள் டீச்சர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சவுரி, நீ செய். நீதான் மூலையில கிறுக்குறவளாச்சே" என்றார்.

அது பழைய குற்றம். போன வருஷம் வேத வகுப்பின் ஞானோபதேசப் புத்தகத்தின் மூலையில் பக்கத்துக்கு ஒன்றாக ஆட்டுக்குட்டி வரைந்து வைத்திருந்தாள். கட்டை விரலால் பக்கங்களைச் சரசரவென்று விட்டால் குட்டி துள்ளி வேலியைத் தாண்டும். டீச்சர் புத்தகத்தைப் பறிமுதல் செய்தார். குற்றத்தின் அளவைத் தெரிந்துகொள்வதற்காக ஆசிரியைகள் அறையில் அதைப் பலமுறை தாண்டவிட்டுப் பார்த்தார்கள் என்று பிறகு கேள்வி.

பள்ளிக்கூடத்தின் சாமான் பீரோவில், உடைந்த பூகோள உருண்டைக்குப் பின்னால், யாரோ துரைசானி தானமாகக் கொடுத்த சீமை விளையாட்டுச் சாமான் ஒன்று கிடந்தது. தகர டப்பா போல வட்டமாக, மேல் பாதியில் வரிசையாகக் கீறல் கீறலாக ஓட்டைகளோடு, அடியில் ஓர் அச்சோடு. தகரம் துருப்பிடித்துக் கையோடு வந்தது. உள்ளே சுற்றி ஒட்டியிருந்த காகிதத்தைப் பூச்சி தின்று, ஒரு குதிரையின் கால்கள் மட்டும் மிச்சம் இருந்தன. ஒவ்வொரு காலும் ஒவ்வொரு மாதிரி மடங்கியிருந்தது. சவுரியம்மாள் அந்தக் கால்களைப் பார்த்ததும் அது என்னவென்று புரிந்துகொண்டாள். டப்பாவைச் சுற்றிவிட்டு இந்தப் பக்கத்து ஓட்டை வழியாக அந்தப் பக்கத்துப் படங்களைப் பார்த்தால், படங்கள் ஒன்றாகி அசையும். ஆட்டுக்குட்டி செய்த வேலைதான். ஆனால் குட்டி ஒரு தடவை தாண்டி நின்றுவிடும், இது நிற்கவே நிற்காது.

அன்று சாயங்காலமே தகரம் தேடக் கிளம்பினாள்.

புதிதாகச் செய்யத் தகரம் கிடைக்கவில்லை. தோல் கிடைத்தது. சவுரியம்மாளின் அப்பா அந்தோணி ஆம்பூரில் இஷ்தியாக் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி ஆள். மயிர் உதிர்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். தொட்டியில் இறங்கி அதை மிதித்துப் புரட்டுவது அவர் வேலை. மகள் கேட்டாள் என்று மேஸ்திரியிடம் சொல்லி, வெட்டிக் கழித்த எருமைத் தோல் ஓரம் ஒன்றை வாங்கிவந்தார். ஆவாரம்பட்டையில் பதனிட்ட, பலகை மாதிரி விறைத்த தோல். அதை வட்டமாக வளைத்துத் தைத்து, ஓட்டை கீறி, அடியில் பலகை வைத்துப் பம்பர ஆணி அடித்து நிறுத்தினாள். கூடை மாதிரி இருந்ததால் எல்லோரும் அதைக் கூடை என்றே சொன்னார்கள். ஓட்டைக்குக் கிட்டே கண்ணைக் கொண்டுபோனால் தோல் நாற்றம் மூக்கைத் துளைக்கும். அந்த நாற்றத்துக்காக ஹாஸ்டல் பெண்கள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள்.

கூடை ஆகிவிட்டது. மனிதன்தான் ஆகவில்லை. தெருவில் ஒருவன் நடந்துவருகிறான், நிற்கிறான், தலையைத் திருப்பித் துப்புகிறான், நடக்கிறான். இவ்வளவுதான் விஷயம். மனதில் தோன்றியபடி வரைந்து சுற்றிவிட்டால், அந்த ஆள் நடக்கவில்லை. யாரோ கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை நொண்டினான். தெருவில் போகிறவர்களின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயதுக்கு வந்த ஒரு பெண் ஆண்பிள்ளைகள் நடையை உற்றுப் பார்த்தால், எந்த ஆண்பிள்ளையும் சாதாரணமாக நடக்கமாட்டான் என்பதுதான் அதில் அவள் கற்ற பாடம். புராஜெக்டு நோட்டில் அதை எழுதவில்லை.

தசரா லீவில் ஆம்பூருக்குப் போனவள், அப்பாவை வாசலில் நடக்கச் சொன்னாள்.

"இன்னாத்துக்கு நடக்கணும்?" என்றார் அந்தோணி.

"சும்மா நட நைனா. வேப்பமரம் வரிக்கும் போய்ட்டு வா."

"அங்க இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல. போய்ட்டு வா."

போனார், வந்தார். மகள் தரையில் உட்கார்ந்து பலகைமேல் வரைந்தாள். அழித்துவிட்டு, "இன்னொரு தபா" என்றாள். அம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் பித்துப் புடிச்சிருக்குது. நாள் பூரா தொட்டியில நின்ன மனுசன், வூட்லயாவது குந்தட்டும்டி" என்றாள். அந்தோணிக்கு மகள் கேட்டதைச் செய்வதில் சந்தோஷம். மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இருட்டும் வரை வேப்பமரத்துக்குப் போய்வந்தார். பழகப் பழக, தன்னைப் பார்க்கிறார்கள் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அப்போதுதான் நடை வந்தது.

சுண்ணாம்புத் தண்ணீரில் வருஷக்கணக்காக நின்ற கால்கள். பித்தவெடிப்பு, அரிப்பு, மடங்காத முழங்கால். ஒரு காலோடு ஒரு கால் உரசாமலிருக்கப் பாதங்களை அகல வெளிப்பக்கமாக வைப்பார். முழங்கால் மடங்காததால் வயிறு முன்னே போகும், தலை பின்னே சாயும். கையில் இருக்கும் புண் துணியில் படாமலிருக்க முழங்கைகளை உடம்பிலிருந்து தள்ளியே வைத்திருப்பார். எந்த அடியையும் அவசரமில்லாமல் யோசித்து வைப்பார். சவுரியம்மாள் அதை அப்படியே வரைந்தாள். படத்து ஆளுக்கு வேட்டி கட்டிவிட்டாள், தோளில் துண்டு போட்டுவிட்டாள். முகத்தை மட்டும் வெறும் வட்டமாக விட்டாள். பன்னிரண்டு முகத்தை ஒரே மாதிரி வரைய அவளுக்கு வரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

ஸ்கூலுக்குத் திரும்பி, படங்களை ஒட்டி, கூடையைச் சுற்றினாள். அந்த மனிதர் நடந்தார். நின்றார். தலையைத் திருப்பி, வெற்றிலைச் சாற்றைப் பீய்ச்சினார். ஒன்றும் நடக்காததுபோல் மேலே நடந்தார். மறுபடி நின்றார். மறுபடி பீய்ச்சினார். சுற்றுகிற மட்டும் அவர் துப்பிக்கொண்டே போனார். மரியம்மாள் பார்த்துவிட்டு, அடக்கமாட்டாமல் சிரித்து, தன் தபாலாபீசின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அன்னம்மாள் டீச்சர் வந்தார். குனிந்து ஓட்டையில் கண்ணை வைத்தார். நிமிர்ந்தார். போய் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"யாருடி இது?"

"யாரும் இல்ல டீச்சர்."

"யாரும் இல்லேன்னா எப்படி நடக்குது?"

டீச்சர் குரலைத் தாழ்த்தி, "சேர்மனைப் போய் இப்படி வரையலாமா? நம்ம கிராண்ட் பணம் அவங்க கையில இருக்கு" என்றார்.

சேர்மன் என்றால் லாங் பஜாரில் அரிசி மண்டி வைத்திருந்த கன்னியப்பர். அவருக்கும் வயிறு முன்னே போகும், தலை பின்னே சாயும். ஆனால் அது சுண்ணாம்பினால் வந்ததல்ல. "இது எங்க நைனா டீச்சர்" என்றாள் சவுரியம்மாள். பெற்ற அப்பாவை எந்தப் பெண்ணாவது தெருவில் துப்புகிறவராக வரைவாளா என்று டீச்சர் அதை நம்பவில்லை. கூடையை மறைத்து வைக்கவும் வழியில்லை. காட்சிப் பொருட்களின் பட்டியல் ஏற்கெனவே முனிசிபாலிட்டிக்குப் போய்விட்டது. கடைசியில் டீச்சர் தானாகவே யோசித்து ஒரு காரியம் செய்தார். பெரிய அட்டையில், "இதிலுள்ள உருவம் இவ்வூர்ப் பெரியோர் எவரையும் குறிப்பதன்று" என்று சிவப்பு மையில் எழுதிக் கூடைக்கு மேலே மாட்டினார்.

சும்மா பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடிய ஊர், அந்த அட்டையைப் படித்துவிட்டு, எந்தப் பெரியவர் என்று தேட ஆரம்பித்தது.

சுகாதார வாரத்தைச் சேர்மனே திறந்துவைத்தார். மாதிரிக் கிராமங்களை ஒன்பது தடவை பார்த்து ஒன்பது தடவையும் "பேஷ்" என்றார். கூடைக்கு வந்தார். டீச்சர் சிவப்பு மை அட்டையை நேராக்கி வைத்தார். சவுரியம்மாள் சுற்றிவிட்டாள். சேர்மன் பார்த்தார். அவர் தோள் முதலில் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டே டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, தைரியம்தான் உங்களுக்கு. துரைசாமியை உரிச்சு வச்சுட்டீங்க. ஆனா நான் சொன்னேன்னு வெளிய தெரிய வேணாம்" என்றார்.

துரைசாமி ரோடு காண்டிராக்டர். கவுன்சிலில் சேர்மனுக்கு எதிர்க்கட்சி. அவர் மறுநாள் வந்தார். கூடையை மூன்று தடவை சுற்றச் சொன்னார். "நம்ம மண்டிக்காரரு! அதே வவுறு, அதே தலக்கனம்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். "டீச்சரம்மா, இந்த ஊர்ல உண்மையச் சொல்ல ஒரு பொம்பளப் பள்ளிக்கூடமாவது இருக்குதே. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

இரண்டு பேரும் தங்கள் தங்கள் ஆட்களைப் பார்க்க அனுப்பினார்கள். ஊரே வந்தது. வண்டிக்காரர், மளிகைக்காரர், கோர்ட்டு குமாஸ்தா என்று வந்தவர்கள் எல்லோரும் கூடையில் தங்களுக்கு ஆகாத ஒருவரைக் கண்டு சந்தோஷமாகத் திரும்பினார்கள். தன்னைக் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. வரிசை ஸ்கூல் வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது. நிற்கிறவர்களுக்குப் பொழுது போக வேண்டாமா? வெற்றிலை போட்டார்கள். போட்டவர்கள் துப்பினார்கள். எச்சில் துப்புவதற்கு எதிரான அந்த வாரம் முடிவதற்குள் ஸ்கூல் மதில் இடுப்பு உயரத்துக்குச் சிவந்துவிட்டது. பொருட்காட்சி பிரமாதமான வெற்றி என்றும், மதிலுக்கு உடனே வெள்ளையடிக்க வேண்டும் என்றும் சுகாதார ஆபீசர் ஒரே அறிக்கையில் எழுதினார்.

இஷ்தியாக் அகமது சாயபுவும் ஆம்பூரிலிருந்து காரில் வந்தார். தினமும் தன் தொட்டியில் இறங்கும் ஆளை இவருக்குத் தெரியாமலா போகும் என்று சவுரியம்மாள் பயந்தாள். சாயபு ஓட்டையில் கண்ணை வைக்கவே இல்லை. கூடையைக் கையால் தடவினார். விரலால் சுண்டினார். குனிந்து மோந்து பார்த்தார்.

"இது நம்ம சரக்காச்சே! யாரு குடுத்தது?"

"கழிச்ச ஓரம் சாயபு. மேஸ்திரியக் கேட்டுத்தான் எங்க நைனா..." என்று இழுத்தாள்.

"அரே, பயப்படாதே. நல்ல தோலு. இவ்ளோ பேரு கை வச்சும் ஓரம் மடியலே, பாத்தியா?" என்று டீச்சர் பக்கம் திரும்பி, "ஒரு போர்டு போட்டுக்கலாமா?" என்றார். சாயந்திரத்துக்குள் சிவப்பு மை அட்டைக்குப் பக்கத்தில், தோல் உபயம் யாருடையது என்று இன்னும் பெரிய அட்டை ஒன்று வந்துவிட்டது. உள்ளே நடந்துகொண்டிருந்த மனிதரை அவர் கடைசிவரை பார்க்காமலே காரில் ஏறினார்.

வாரம் முடிந்ததும் கவுன்சில் கூடியது. ஸ்கூலுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தைச் சேர்மனே கொண்டுவந்தார். எதிர்க்கட்சித் துரைசாமி எழுந்து அதை ஆமோதித்தார். அந்த வருஷம் அந்தச் சபையில் சண்டையில்லாமல் நிறைவேறப்போன ஒரே தீர்மானம் அது. அத்தோடு உட்கார்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்தச் சபையில் உள்ள சிலர் அந்தக் கூடையைப் பார்த்தாவது திருந்துவார்கள் என்று நம்புகிறேன்" என்றார் சேர்மன், துரைசாமியைப் பார்த்து.

"நானும் அதையேதான் நம்புறேன்" என்றார் துரைசாமி, சேர்மனைப் பார்த்து.

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் ஏன் சிரிக்கிறார் என்று மற்றவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் மேஜைமேல் இருந்த மைக்கூடு கவிழ்ந்தது.

நன்றித் தீர்மானம் விசாரணைக் கமிட்டியாக மாறிற்று. கூடைக்குள் நடப்பது யார் என்று கண்டறிந்து சொல்வது கமிட்டியின் பொறுப்பு. சம்பந்தப்பட்ட இருவருமே அதில் மெம்பர்கள். இல்லாவிட்டால் யாரையும் நம்பமுடியாது என்று இருவரும் சொன்னார்கள். கமிட்டி ஒரு காலை வேளையில் ஸ்கூல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது. கூடையைச் சுற்றிவைத்து, சேர்மன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். துரைசாமி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்தார். ஒருவர் வேண்டுமென்றே குட்டிக் குட்டியாக அடிவைத்தார். இன்னொருவர் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி போனார். ஜன்னல் பக்கம் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டார்கள்.

சவுரியம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"உண்மையச் சொல்லும்மா. இது யாரு நடை?"

"எங்க நைனா நடைங்க."

"உங்க நைனா இன்னா பண்றாரு?"

"ஆம்பூர் தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிங்க."

அதுவரை அது தன் நடை இல்லவே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்த சேர்மனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கூலி ஆளா? நல்லா பாரு. எவ்ளோ கம்பீரம்! நாலு பேரைக் கட்டி மேய்ச்சவன் நடை இது. தொட்டி மிதிக்கிறவனுக்கு எங்கிருந்து வரும்?"

"அதான் நானும் கேக்குறேன்" என்றார் துரைசாமி. "பரம்பரையா வரணும் அதெல்லாம்." பல வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பேருக்கும் ஒரே கருத்து.

சந்தேகம் தீர அந்தோணியையே வரவழைப்பது என்று முடிவாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் காட்பாடியில் இறங்கி, வண்டி பிடித்து வந்தார். மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டுப் போட்டிருந்தார். பெரிய மனிதர்கள் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. மகள் ஏதோ தப்பு செய்துவிட்டாள், தோல் ஓரம் விஷயமாக இருக்கும் என்று வழியெல்லாம் நடுங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

"நடந்து காட்டு" என்றார் சேர்மன்.

அந்தோணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். கையைக் கட்டி, முதுகை வளைத்து, பார்வையைத் தரையில் போட்டு, சத்தமே வராமல் சுவரோரமாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனார். போய் அங்கேயே நின்றுகொண்டார்.

"நைனா, நம்ம வூட்டு வாசல்ல நடப்பியே, அந்த மாதிரி நட" என்று சவுரியம்மாள் கெஞ்சினாள்.

"சும்மா இருடி. பெரியவங்க எதிர்ல எப்படிடி அந்த மாதிரி நடக்குறது?" என்றார் அவர் அடிக்குரலில்.

கமிட்டி கூடையைப் பார்த்தது, அந்தோணியைப் பார்த்தது. மயிரளவு ஒற்றுமை இல்லை. கமிட்டிக்கு எழுத்து வேலை பார்த்த சுகாதார ஆபீசர் முடிவை எழுதினார்: மாணவி சொன்னது நேரில் பரிசோதிக்கப்பட்டுப் பொய்யென்று தெரியவந்தது, உருவம் எவரையும் குறிக்கவில்லை, எவரையும் குறிக்காதது பலரையும் குறிப்பதாகத் தோன்றுவதால், மேற்படி உருவம் இனி நடக்கக் கூடாது, துப்பவும் கூடாது, அதை நின்ற நிலையில் வரைந்து வைக்கலாம்.

கமிட்டி டிபன் சாப்பிட உள்ளே போயிற்று. வராந்தாவில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். சவுரியம்மாளின் கண் கலங்கியிருந்தது. பொய் சொன்னவள் என்று எழுதியது வலித்தது. அப்பாவை அப்படி நடக்கவைத்தது அதைவிட வலித்தது. அந்தோணி கூடையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள இன்னாதான் இருக்குது? ஊரே பேசுதே" என்றார்.

அவள் சுற்றிவிட்டாள். அவர் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சின்னப் பிள்ளைபோல் சிரித்தார்.

"யாருடி இந்த ஆளு? ராஜா மாதிரிப் போறான்!"

அவர் இன்னொரு தடவை சுற்றச் சொல்லிப் பார்த்தார். இந்தத் தடவை சிரிப்பு குறைந்தது.

"பாவம்டி. அவனுக்குக் கால் வலி போலகீது" என்றார்.

இத்தனை ஜனங்கள் பார்த்ததில் அதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

உத்தரவுப்படி சவுரியம்மாள் நிற்கிற மனிதனை வரைந்தாள். பன்னிரண்டு தடவையும் ஒரே மாதிரி. ஒட்டிச் சுற்றினால் அந்த ஆள் அப்படியே நின்றான். சேர்மன் வந்து பார்த்து, "இப்பத்தான் அழகா இருக்குது" என்றார். துரைசாமியும் ஆட்சேபிக்கவில்லை. அன்னம்மாள் டீச்சர் அந்த நிற்கிற மனிதனுக்கு முதல் மார்க்கு போட்டு, மேலதிகாரிகளுக்கு அனுப்பிய அறிக்கையில் புராஜெக்டு முறையின் சிறப்புக்கு உதாரணமாக எழுதினார். நடந்த மனிதனை விசாரணைக் கோப்போடு சேர்த்து முனிசிபல் ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கோப்பு அதற்குப் பிறகு ஓர் அடிகூட நகரவில்லை.

சவுரியம்மாள் சர்ட்டிபிகேட் வாங்கி, திமிரியில் வாத்தியாரம்மா ஆனாள். சுற்றிலும் வேர்க்கடலைக் கொல்லை, ஓடு போட்ட ஒரே கூடம், ஐந்து வகுப்பு. சில வருஷம் கழித்து அந்தோணிக்குத் தொட்டியில் இறங்க முடியாமல் போகவே, அப்பாவையும் அம்மாவையும் தன்னோடு அழைத்துவந்துவிட்டாள். திமிரியில் அவரை யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் எதிரில் இல்லாததால் அவர் தன் நடையிலேயே நடந்தார். காலையில் காப்பிக் கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். ரிட்டயர்டு தாசில்தார் என்று ஊரில் பேச்சு. ஒரு நாள் வேலு என்ற குடியானவர் நிலத் தகராறு மனுவோடு வாசலில் வந்து நின்று, "ஐயா ஒரு வார்த்த சொன்னா போதுங்க" என்றார். அந்தோணி பதறிப்போய், தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றார். ஐயாவுக்கு எவ்வளவு அடக்கம் என்று வேலு போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் ஒருமுறை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தபோது, டிரெயினிங்கில் செய்த புராஜெக்டுகளில் உனக்குப் பிடித்தது எது என்று சவுரியம்மாளைக் கேட்டார். அவள் அந்தப் பன்னிரண்டு படங்களையும் ஒரு கணம் மனதில் ஓடவிட்டாள். பாதம் வெளிப்பக்கம் விழும் நாலாவது படத்தில், குதிகால் கொஞ்சம் தாமதமாக எழும்பியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. வாய் திறந்து, "தெருவுல ஒருத்தர் நிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சேங்க" என்றாள். இன்ஸ்பெக்டர், பயனுள்ள வேலை என்று குறித்துக்கொண்டார்.

அவர் வண்டி மறைந்ததும், பழைய சர்வே காகிதத்தை வெட்டி ஒட்டிய நீளத் துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். அதில், கூடத்து ஓட்டிலிருந்து தினமும் இறங்கி, பிள்ளைகள் சிந்திய சோற்றைக் கொத்திக்கொண்டு பறக்கும் காக்கை. ஏழு படம் ஆகியிருந்தது. எட்டாவதில் இறக்கை எங்கே மடங்க வேண்டும் என்று பிடிபடவில்லை. சோறு போட்டுப் பார்க்கலாம் என்று மதியச் சாப்பாட்டில் ஒரு பிடியை ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்றாம் வகுப்பை வாய்ப்பாடு சொல்லச் சொன்னாள்.